சேங்கொட்டைக் குறி

அம்மா இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசம். பத்திரங்கள், பழைய ரேஷன் அட்டை, அப்பாவின் இரண்டு வேட்டி, ஆச்சி போர்த்திய போர்வை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நூல் சேலை. வீரவநல்லூர்த் தறியில் நெய்தது. பச்சை உடல், அரக்குக் கரை. அந்தப் பச்சை வெளுத்து வெளுத்து வாழைக்குருத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. முந்தியின் உள்மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புக் குறி: பிறை போல ஒரு வளைவு, அதற்குள் ஒரு புள்ளி. துணி நைந்து, அழுத்திப் பிடித்தால் விட்டுவிடும் என்ற நிலையில் இருந்தது. குறி மட்டும் நேற்று வைத்தது போலக் கன்னங்கரேலென்று இருந்தது.

வேட்டிகளையும் போர்வையையும் புரட்டிப் பார்த்தேன். அவற்றிலும் குறி உண்டு. ஆனால் அது வேறு. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அப்படியானால் பிறைக் குறி அம்மா பிறந்த வீட்டுக் குறியாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். அம்மாவுக்கு ஆழ்வார்குறிச்சி. கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த சேலையைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள் என்று நினைத்ததும், அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

துணியில் குறி போடும் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். நாற்பது வீட்டு அழுக்கும் ஒரே வெள்ளாவியில்தான் அவியும். உவர்மண்ணில் முக்கி, பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, விடியற்காலம் ஆற்றில் அலசுவார்கள். நாற்பது வீட்டு வேட்டியும் வெள்ளை வேட்டிதான். எது எந்த வீட்டுடையது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் சேங்கொட்டை. முந்திரி, மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. கொட்டையின் தோலுக்குள் காரமான ஒரு சாறு இருக்கும். கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற சாற்றை ஊசி முனையாலேயே துணி மூலையில் வைப்பார்கள். வைத்தவுடன் பழுப்பாகத்தான் தெரியும். அதன்மேல் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் கறுத்துவிடும். அப்புறம் எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. துணி போனால்தான் குறியும் போகும்.

அந்தச் சாறு பொல்லாதது. தோலில் பட்டால் கொப்புளிக்கும். சித்த மருந்தில் சேர்ப்பதாக இருந்தால் முதலில் சுத்தி செய்தாக வேண்டும் என்பது அதனால்தான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் புண் வந்தது. சட்டையில் வைத்த சலவைக் குறிதான் காரணம் என்று கண்டுபிடித்து 1943-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிப்பாய்க்குத் துணியின் வழியாகப் பட்டதே அப்படி என்றால், நாள்தோறும் கொட்டையைக் கையில் பிடித்தவரின் விரல்கள் எப்படி இருந்திருக்கும்! எங்கள் ஊர் துணி வெளுத்த பெரியவரின் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனி கறுத்து, தோல் தடித்துக் கிடக்கும். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவரைச் சின்னப் பையன்கள் நாங்கள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். எங்கள் அப்பா வயதுக்கு மேலே இருந்தவர். கடைக்காரரை அண்ணாச்சி என்ற வாய், அவரை அண்ணாச்சி என்று சொன்னதில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஊரில் சொல்வார்கள். நாற்பது வீட்டுக்கும் நாற்பது குறியை அவரே உண்டாக்கி, ஒன்றோடு ஒன்று குழம்பாமல் வைத்துக்கொண்டு, இருட்டில் துணி மூலையைத் தடவிப் பார்த்தே பிரித்து வைத்த மனிதர். அந்த எழுத்து அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டுக் குறி எது என்று எங்களுக்கே ஒரு மாதிரிதான் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு எழுத்தை அத்தனை பேரும் உடம்பில் உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

அந்தச் சேலையைப் பார்த்த நாளில் இருந்து 'குறி' என்ற சொல் என்னை விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் உண்டு. 1936-ல் அதை முடித்துக் கொடுத்த பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை நம் நெல்லைச் சீமைக்காரர். அதில் 'குறி' என்று தேடினால் அடுக்கடுக்காகப் பொருள் வருகிறது. அடையாளம் குறி. எய்கிற இலக்கு குறி. வரப்போவதைச் சொல்வது குறி. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கையைப் பிடித்துச் சிங்கி சொல்கிறாளே, அது அந்தக் குறி. அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரம். குறிப்பு, குறிக்கோள், அறிகுறி என்று இன்னும் கிளை விட்டுக்கொண்டே போகும்.

எனக்குப் பிடித்தது அகப்பாட்டில் வருகிற குறி. காதலர் இருவரும் சந்திக்கப் பேசிவைத்த இடம் குறி. பகலில் என்றால் பகற்குறி, ராத்திரி என்றால் இரவுக்குறி. வந்துவிட்டேன் என்று தலைவன் ஏதாவது ஒரு ஓசை எழுப்புவான். அவள் வெளியே வருவாள். சில நாள் அவன் வந்திருக்கவே மாட்டான். காற்றில் பழம் விழுந்திருக்கும், பறவை சிறகடித்திருக்கும். அதை அவன் செய்த குறி என்று எண்ணி அவள் போய், வெறுமனே திரும்புவாள். இதற்கு இலக்கணத்தில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: அல்லகுறி. குறி அல்லாத குறி. ஏமாந்துபோன அந்த ஒரு நடைக்கு இத்தனை பரிவோடு ஒரு சொல்லா என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சொல்லப்போனால் ஊர்ப் பெயரிலேயே ஒரு அல்லகுறி இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி என்று எங்கள் பக்கம் குறிச்சிகள் நிறைய. அதில் இருப்பது இந்தக் குறிதான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இல்லை. குறிஞ்சி நிலத்து ஊருக்குக் குறிச்சி என்று பெயர். மேற்கே மலையைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டியது.

இன்னொரு குறி பள்ளிக்கூடத்தில் படித்தது. இடுகுறிப்பெயர். காரணம் எதுவும் இல்லாமல் முன்னோர் இட்ட குறி. மரம், மலை, மண். பறப்பதால் பறவை என்றால் அது காரணப்பெயர். ஏழாம் வகுப்பில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மேலத்தெரு டீச்சர். கரும்பலகையில் 'பனை' என்று எழுதிவிட்டு, "இந்த எழுத்துல ஓலை இருக்கா, நுங்கு இருக்கா? பெறகு எப்படி உனக்குப் பனமரம் கண்ணுல தெரியுது?" என்று கேட்டார். வகுப்பே வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றும் எனக்கு முழுசாகப் பதில் தெரியாது. எங்கள் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் அம்மாவும் அவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வகுப்பில் டீச்சர் அதை என்னிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.

சரி, குறிக்கும் அடையாளத்துக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது. குறி போட ஒரு ஆள் போதும். அடையாளத்துக்கு இரண்டு பேர் வேண்டும், காட்டுகிறவர் ஒருவர், கண்டுகொள்கிறவர் ஒருவர். இதைப் பெரியாழ்வார் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை. அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. பணகுடிப் பக்கம் போகும்போது மகேந்திரகிரியைக் காட்டி, இலங்கைக்கு அனுமன் இங்கிருந்துதான் தாவினான் என்பார்கள். தாவிப் போனவன் சீதையின் முன்னால் நிற்கிறான். குரங்கு வடிவத்தில் வந்திருப்பது யார் என்று அவள் எப்படி நம்புவாள்? மாயமானைக் கண்டு ஒரு முறை, துறவி வேஷத்தைக் கண்டு ஒரு முறை ஏமாந்தவள். கையில் மோதிரம் இருக்கிறது. முதலில் அதை நீட்டவில்லை அனுமன். பேசுகிறான். வில்லை முறித்தது, குகனோடு தோழமை கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஓர் அடையாளம்' 'ஓர் அடையாளம்' என்கிறான். அதில் ஒன்று, ஒரு ராத்திரி இருவரும் தனியாக இருந்தபோது மல்லிகை மாலையால் சீதை ராமனைக் கட்டியது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். மோதிரம் கடைசியில்தான் வருகிறது. மோதிரத்தை யாரும் களவாடிக்கொண்டு வந்திருக்கலாம். மல்லிகைச் சங்கதியை ராமன் சொல்லாமல் இன்னொருவனுக்குத் தெரிய வழி ஏது?

சாடை என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் விட மனசில்லை. முகஒற்றுமைக்கும் சாடைதான், கண்ணால் காட்டுகிற குறிப்புக்கும் சாடைதான். "அப்படியே அவ அம்மை சாடை" என்பார்கள். பெரியவர்கள் நடுவே வாய்திறக்க முடியாத மருமகள் கண்ணால் சாடை காட்டுவாள். நேராகச் சொல்லாமல் குத்திப் பேசினால் சாடைமாடை. குறிப்பறிதல் என்று வள்ளுவர் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார், அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. கூட்டுக்குடும்ப அடுப்படிக்கு மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கலாம்.

இனி டோக்கன். இன்றைக்குப் பொங்கல் பரிசு வாங்கவும் டோக்கன், ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கவும் டோக்கன். எண் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு. அரசாங்கத் தமிழில் வில்லை என்பார்கள். அந்தக் காலத்துச் சேவகர்கள் மார்பில் பித்தளை வில்லை அணிந்திருந்ததால் வில்லைச் சேவகர் என்று பெயர். நல்ல சொல்தான், வழக்கில் நிற்கவில்லை. நான் பார்த்த டோக்கன்களில் பெரிய டோக்கன் ரயிலுடையது. என் மாமா செங்கோட்டை லைனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். மீட்டர்கேஜ் காலம். ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக வண்டிகள். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு மாதிரியான இரும்புப் பெட்டி, கம்பி வழியாக ஒன்றோடொன்று பிணைத்தது. அங்கே இருப்பவர் சம்மதம் தந்தால்தான் இங்கே பெட்டியில் இருந்து ஒரு இரும்புப் பந்து கழன்று வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய் விழும்வரை இரண்டு பக்கமும் வேறு பந்து வராது.

கையடக்கமான பந்துதான். ஆனால் நல்ல கனம். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே செல்லும் என்று அதிலேயே வெட்டியிருக்கும். அதைத் தோல்பைக்குள் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, மாமா பிளாட்பாரத்தில் நின்று கையை உயர்த்திப் பிடிப்பார். வருகிற வண்டியில் இருந்து ஒரு கை நீண்டு வளையத்துக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போகும். அதே நொடியில் பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்து உருளும். ஒரு நாள் என் இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி மாமா பந்தை வைத்தார். "ஏல, கீழ போட்டுராத. முந்நூறு உசிரு உங்கையில இருக்கு" என்றார். எனக்குக் கை நடுங்கியது. டிரைவர் பந்தைப் பையில் இருந்து எடுத்து, எழுத்தைப் படித்துச் சரிபார்த்துக்கொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்பார் மாமா. அது வழிக்கு அடையாளம் இல்லை, வழியே அதுதான். பந்து கையில் இருந்தால் பாதை உன்னுடையது, இல்லை என்றால் இல்லை. 2012-ல் தென்காசிவரை அகலப்பாதை வந்தது. மாமாவும் இப்போது இல்லை.

சின்னம் என்றால் எங்கள் பக்கம் தேர்தல் சின்னம்தான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே வந்த ஏற்பாடு. கோயிலில் சாமிக்கு முன்னால் ஊதுகிற நீண்ட குழலுக்குத் திருச்சின்னம் என்று பெயர். சின்னாபின்னம் என்பதில் இருப்பது வேறு சின்னம், வடமொழியில் வெட்டுப்பட்டது என்று பொருள். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஆதிச்சநல்லூரைச் சொல்லாமல் போக முடியாது. இன்று அது தூத்துக்குடி மாவட்டம், ஆனால் எங்களுக்கு எல்லாம் ஒரே ஆற்றங்கரை. 1876-ல் ஜெர்மனியில் இருந்து ஜாகோர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1900-ஐ ஒட்டி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அந்தப் பரம்பில் முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆற்றின் இந்தக் கரைகளில் கிடைக்கிற பானைகள் சிலவற்றில் கீறல் குறிகள் உண்டு. கோடு, ஏணி மாதிரி ஒன்று, சூலம் மாதிரி ஒன்று. தமிழ்நாட்டில் தோண்டுகிற இடமெல்லாம் இப்படிக் கீறல்கள் கிடைக்கின்றன. சிந்துவெளிக் குறிகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பானைக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேங்கொட்டைக் குறிதான் நினைவுக்கு வரும். யாரோ ஒருவர் தன் பானை எது என்று தெரிந்துகொள்ள வைத்ததாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்கும். அவர் போன பிறகு யாரைப் போய்க் கேட்பது?

அப்படி நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. நம் ஊர்க் குறியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறாரே!

துணி வெளுத்த பெரியவர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. அவர் வீட்டம்மா அம்பாசமுத்திரத்தில் மகனோடு இருக்கிறார். மகன் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். எண்பது தாண்டியிருக்கும், கண் மங்கல். பெயரைச் சொன்னதும் என்னைக் கண்டுகொண்டார். "ஆச்சி, இதைப் பாக்கணும்" என்று சேலையை மடியில் வைத்தேன். மூலையை அவருக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கை தானாக முந்தியைத் தேடிப் போயிற்று. குறியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு பெருவிரலால் தடவினார்.

"இது உங்க வீட்டுக் குறி இல்லல்லாய்யா."

"ஆமா ஆச்சி, அம்மா பொறந்த வீட்டுக் குறி."

"அந்த ஊரு குறி எனக்கு எப்படித் தெரியும்? இது நாங்க போட்டது. மேலத்தெரு டீச்சரம்மா வீட்டுக் குறில்லா இது."

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை நாளாக நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஆழ்வார்குறிச்சி வீடு, கல்யாணச் சேலை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கலைந்து போயிற்று.

ஆச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. நான் அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் வீட்டின் பின்சுவர் விழுந்தது தெரியும். அம்மா உடுத்த மாற்றுத் துணிகூட இல்லாமல் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவே இல்லை.

"டீச்சரம்மாதான் எங்கிட்டக் குடுத்துவிட்டாவ. நான் குடுத்தேன்னு சொல்லாத, மாத்துன்னு சொல்லிக் குடுன்னாவ."

மாத்து என்றால், பிள்ளைப்பேறு, சாவு, தீட்டுக் காலங்களில் வெளுப்பவர் வீட்டில் இருந்து கொண்டுவந்து தருகிற சேலை. அது யார் வீட்டுச் சேலை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"அம்மா வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்குனாவ. வாங்குனதும் மூலையத்தான் பாத்தாவ. உங்க வீட்டுக் குறி இல்லன்னு தெரியும்லா. அது யாரு வீட்டுக் குறின்னு எங்கிட்டக் கேட்டாவ. நான் பொய் சொல்லலய்யா."

"அப்புறம்?"

"உடுத்திக்கிட்டாவ."

அதற்குப் பிறகும் அம்மாவும் டீச்சரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. டீச்சர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. சேலையை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஆச்சியிடம் கேட்டேன். "டீச்சரம்மா கேக்கவும் இல்ல, இவிய குடுக்கவும் இல்ல" என்றார்.

புறப்படும்போது சேலையை அவரே வாங்கி மடித்தார். கை நடுங்கினாலும் மடிப்பு ஓரத்துக்கு ஓரம் ஒட்டி விழுந்தது. நான்காக, எட்டாக மடித்து என் கையில் வைத்தார். பிறைக் குறி மேலே தெரிந்தது.